வீட்டில் மொரீசியஸின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் நான்கு வயதுக் குழந்தைக்குத் தமிழ் எழுத்தை இப்போதே தொடங்கலாமா? மொழிகள் குழம்பிவிடுமா?

மொரீசியஸில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளோடு பொழுதெல்லாம் இருப்பவள் நான். மொழிகள் குழம்பாது. ஒரே வாக்கியத்தில் கிரியோலும் தமிழும் கலந்து பேசினாலும் கவலை வேண்டாம், இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான். ஆனால் எழுத்துக்கு இப்போது அவசரமில்லை. முதலில் பேச்சும் காதும் வளரட்டும்.

உங்களுக்குச் சரளமாக வருவது கிரியோல் என்றால் கதையைக் கிரியோலிலேயே சொல்லுங்கள். தமிழுக்குத் துரோகம் செய்வதாக நினைக்க வேண்டாம். கதை கேட்கும் பொறுமை, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, இதெல்லாம் எந்த மொழியில் பழகினாலும் பிறகு தமிழ் வாசிப்புக்கும் உதவும். நம் தாத்தா பாட்டிமார் போட்ட சிராந்தான் என்கிற கிரியோல் விடுகதை நினைவிருக்கிறதா? "சிராந்தான்?" என்றால் பிள்ளைகள் "சாம்பெக்!" என்று கத்த வேண்டும். "டிலோ டிபூட்?" நிற்கிற தண்ணீர் எது? கரும்பு. "டிலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர் எது? தேங்காய். நம் தமிழ் விடுகதை மாதிரியேதான். மூளைக்கும் நாக்குக்கும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அப்புறம் நான்கைந்து தமிழ் விடுகதைகளையும் இதே ஆட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

படப் புத்தகத்தை நீங்கள் மட்டும் படித்துக்கொண்டே போகாதீர்கள். பூனைப் படத்தைக் காட்டி அவள் "சாட்" என்றால், "ஆமாம், பூனை! பூனை எங்கே ஒளிஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். அவள் "நாற்காலி" என்றால், "நாற்காலிக்கு அடியில பயந்து ஒளிஞ்சிருக்கு" என்று நீட்டிச் சொல்லுங்கள். 1988-இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரே மாதம் பெற்றோரை இப்படிக் கேள்வி கேட்டுப் படிக்கச் சொன்னார்கள். வழக்கம்போல் படித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் பேச்சு முன்னே போயிருந்தது.

அடுத்து, காது. சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள்: அம்-மா, பட்-டம், கத்-த-ரிக்-காய். தமிழில் பெரும்பாலான எழுத்துகள் முழு அசையாகவே ஒலிப்பதால், இந்த விளையாட்டு நேராக வாசிப்பில் கொண்டுபோய் விடும்.

எழுத்து என்று தொடங்கும்போது 247 எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி ஒப்பிக்க வைக்காதீர்கள். அ, ஆ பாட்டு பாட்டாக இருக்கட்டும். ட, ப, ம இந்த மூன்றும் நேர்கோடும் சிறு வளைவுமாக எளியவை. மேலே ஒரு புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டால் போதும், படம், பட்டம், மட்டம் என்று அவளே படித்துவிடுவாள். தானாக ஒரு சொல்லைப் படித்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! கெ, கே, கை, கொ எல்லாம் மெதுவாக வரட்டும். கொம்பு இடப்பக்கம் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. பெரிய பிள்ளைகளே அங்கே தடுமாறுவார்கள். பென்சிலும் இப்போது வேண்டாம், தட்டில் ரவை பரப்பி விரலால் எழுதட்டும்.

எழுத்துக்குப் பொருள் உண்டு என்று தெரிய, கடையில் காசு கொடுக்கும்போது நம் ரூபாய் நோட்டில் இருக்கிற தமிழைக் காட்டுங்கள். கோவில் பலகையையும் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் கிரேடு ஒன்றிலேயே தமிழை விருப்பப் பாடமாக எடுக்கலாம், முறையாக எழுதப் படிக்க அங்கே நேரம் இருக்கிறது.

ஒன்று மட்டும்: நான்கு வயதிலும் அவள் பேச்சு வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றால், மொழிகள் மேல் பழி போட்டுக் காத்திருக்காமல் முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள்.