விலை பேசியாச்சு, இனி மாற முடியுமா?

கேள்வி: லண்டனில் மகன் ஒரு பிளாட்டுக்கு விலை பேசி, விற்பவரும் சம்மதித்துவிட்டார். இனி அவர் மாறலாமா? குத்தகையில் 78 வருடம்தான் மிச்சமாம். நாங்களும் வயல் விற்ற காசில் கொஞ்சம் கொடுக்கிறோம்.
– வாசகி, கல்லடி

பதில்: மாறலாம், அம்மா. இங்கிலாந்தில் வாய்ப்பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது. இரு தரப்புச் சட்டத்தரணிகளும் ஒப்பந்தங்களைப் பரிமாறும் நாளில்தான் பிடி இறுகும். அன்று வழமையாக விலையில் 10 சதவீதம் கட்டவேண்டும். பிறகு மகன் விலகினால் அந்தக் காசு பறிபோகும். கட்டட ஆய்வறிக்கையும் வங்கியின் கடன் கடிதமும் கைக்கு வராமல் பரிமாற விடவேண்டாம்.

உங்களுடைய கேள்வியில் என்னை உறுத்துவது அந்த 78தான். அங்கே பிளாட்டைப் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகையில்தான் வாங்குவார்கள்; நிலம் வேறொருவருடையது. மிச்சம் 80 வருடத்துக்குக் கீழே போய்விட்டால், குத்தகையை நீடிக்கும்போது பிளாட்டுக்குக் கூடும் பெறுமதியில் பாதியையும் நில உரிமையாளருக்குக் கொடுக்கவேண்டும் என்பது இன்றைய சட்டம். சில வங்கிகளும் முகம் சுளிக்கும். நீடிப்புச் செலவை மதிப்பீட்டாளரிடம் கேட்டு, அதை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முன்பு பிளாட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருந்துதான் நீடிப்புக் கேட்கலாம். 2025 ஜனவரி 31 முதல் அது இல்லை.

வயல் காசுக்கு விற்பனை உறுதி, வங்கிக் கூற்று, ‘இது அன்பளிப்பு, வீட்டில் பங்கு கேட்கமாட்டோம்’ என்ற கடிதம் மூன்றும் சட்டத்தரணியும் வங்கியும் கேட்பார்கள். உறுதி தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பை இப்போதே எடுத்து வையுங்கள்.