மிதிப்பதற்கென்றே ஒரு சிற்பம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகருக்குப் போயிருந்தேன். இசெத் ஆற்றங்கரையில் கான்கிரீட்டில் செய்த பெரிய கணினி விசைப்பலகையை எல்லோரும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு வெறும் கட்டிகளாகத்தான் தெரிந்தது. மக்கள் மிதிக்கிறார்கள், ஏறி உட்கார்கிறார்கள். சில விசைகள் காணாமல்கூடப் போயினவாம். மதிப்பே இல்லாத இடத்தில் கலைக்கு என்ன வேலை?

கதிர்

அன்புள்ள கதிர்,

காணாமல் போன விசைகளைப் பற்றிய கவலை வேண்டாம். புதிதாகச் செய்து வைத்துவிட்டார்கள். ‘மிதிக்கிறார்கள்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்தான் இரண்டு நாளாக என்னைக் குடைகிறது.

2005இல் அனதோலி வியாத்கின் அந்த 86 விசைகளையும் வெறுந்தரையிலேயே பதித்தார். பீடமும் வைக்கவில்லை, வேலியும் போடவில்லை. லெனினைப் பீடத்தில் ஏற்றித் தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்த நாடு அது. அங்கே ஒருவர் சிற்பத்தை முழங்காலுக்குக் கீழே இறக்கி வைத்ததன் துணிச்சல் உங்கள் கண்ணில் படவே இல்லையா? கையைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து படம் எடுத்திருப்பீர்கள். ஒரு விசையிலாவது உட்கார்ந்தீர்களா?

அதே ஊரில் 2019இல் பொக்ராஸ் லம்பாஸ் ஒரு சதுக்கத்தின் தரை முழுவதும் ஓவியம் தீட்டினார். அதைக் கெடுத்தவை நடப்பவர்களின் கால்கள் அல்ல. தரையைப் பழுதுபார்க்க வந்த பணியாளர்கள் ஓவியத்தின் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். நடைபாதையில் ஓடும் சிவப்புக் கோடும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஊரைச் சுற்றிக் காட்டும் கோடு அது. கால் பட்டுத் தேயும், மறுபடி பூசுவார்கள். அழகான ஏற்பாடு.

நான் அங்கே போனது ஓர் அக்டோபர் மாலை. மழை விட்டிருந்தது. ஒரு மூதாட்டி பேத்தியைக் கைப்பிடித்து விசைகளின் மேல் நடத்திக்கொண்டிருந்தார். குழந்தையின் பெயர் ஆன்யா. ரஷ்ய மொழியில் மூன்றே எழுத்து, ஆனால் நடு வரிசையில் ஒன்று, மேல் வரிசையில் ஒன்று, கீழ் வரிசையின் இடது கோடியில் ஒன்று. ஒவ்வொன்றையும் தேடிப் போய், புடைத்து நின்ற எழுத்தின் ஈரத்தை ஷூ நுனியால் துடைத்துவிட்டு ஏறி நின்றாள். பிறகு வலது கோடிக்கு ஓடி ‘என்டர்’ மேல் இரு காலாலும் குதித்தாள். அப்படிக் குதித்தால் நினைத்தது நடக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

அதன்பின் இருவரும் நீளமான இடைவெளி விசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். தோலைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துக்கொண்டுதான் மூதாட்டி எழுந்தார்.