சம்பள பாக்கிக்கு ஒரு கிராமம்

கேள்வி: போலந்தில் ஒரு குக்கிராமத்தில் பழைய மசூதி இருக்கிறதாமே, நிஜமா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நிஜம்தான். ஊர் க்ருஷினியானி, வடகிழக்கே, பெலாரஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியின் படையில் தாத்தார் என்ற துருக்கிய இன முஸ்லிம் குதிரைவீரர்கள் இருந்தார்கள். சம்பள பாக்கி ஏறிக்கொண்டே போனது, கஜானாவிலோ காசில்லை. 1679இல் காசுக்குப் பதிலாக இந்த ஊர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்! (மூன்று மாதச் சம்பளத்துக்கு அலைந்த எனக்கு ஒரு சென்ட் நிலம் கூடக் கிடைக்கவில்லை.)

மசூதி முழுக்க மரம், பச்சை வண்ணம், முகப்பில் இரட்டைக் கோபுரம். உச்சியில் பிறை கண்ணில் படும்வரை கிராமத்துத் தேவாலயம் என்றே நினைப்பீர்கள். அப்புறம், பக்கத்து மேட்டில் மரங்களுக்கிடையே பழைய கல்லறைகள். ஒரே கல்லில் அரபியும் போலிஷும் செதுக்கியிருக்கும்.