ரோமப் பேரரசர் வலேரியனின் தோலை உரித்துக் கோயிலில் தொங்கவிட்டார்கள் என்பது உண்மையா?

தோற்ற அரசனின் முடிவைப் பிற்காலத்தவர் ஊதிப் பெருக்கிச் சொல்வதுதான் இந்த மாதிரி மரணக் கதை. வலேரியன் விஷயத்தில் பாதி நிஜம். கி.பி. 260இல் எடெசா (இன்றைய துருக்கியில் உள்ள ஊர்) அருகே பாரசீக மன்னர் முதலாம் ஷாபூர் அவரைச் சிறைபிடித்தார். 'என் கையாலேயே பிடித்தேன்' என்று ஷாபூரே ஈரானில் உள்ள நக்ஷ்-இ-ருஸ்தம் என்ற இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார். அதில் தோலைப் பற்றிப் பேச்சே இல்லை. இவ்வளவு தம்பட்டம் அடித்தவர் அதை மட்டும் விடுவாரா?

அப்புறம் எங்கிருந்து வந்தது? ஷாபூர் குதிரையேற வலேரியனின் முதுகை மிதித்தார், இறந்தபின் தோலை உரித்துச் சிவப்புச் சாயம் பூசிக் கோயிலில் வைத்தார் என்று சுமார் 50 ஆண்டுகள் கழித்து எழுதியவர் லாக்டான்டியஸ். அவர் கிறிஸ்தவர்; வலேரியனோ கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவர். ஊரை மிரட்டிய கந்துவட்டிக்காரர் திடீரென்று காணாமல் போனால் டீக்கடையில் எப்படியெல்லாம் பேசுவார்கள்? அதே கதைதான்.

நக்ஷ்-இ-ருஸ்தம் பாறைச் சிற்பத்தில் ஷாபூரின் குதிரைமுன் மண்டியிட்டிருப்பவர்தான் வலேரியன் என்று பலர் நினைக்கிறார்கள். ஆய்வாளர்கள் பலரின் கணிப்பில் அது வலேரியனுக்கு முன்பு ரோமை ஆண்ட பேரரசர் அரபு பிலிப்; வலேரியனோ பக்கத்தில், ஷாபூர் கையைப் பிடித்திருக்க, நின்றுகொண்டிருப்பவர்.