நான்காவது வருடம் எதற்கு?

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் காலம் இது. கலைப்பாடங்களில் ஹொனர்ஸ், அதாவது மூன்று வருடப் பட்டத்துக்குப் பின் ஆய்வேடு எழுதும் நான்காவது வருடம், செய்யலாமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகமொன்றில் வரலாறு கற்பிப்பவர். ஹொனர்ஸ் ஆய்வேடுகளை மேற்பார்வை செய்பவர்.

கேள்வி: மகள் சிட்னியில் வரலாறு படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு. சராசரி 76. இப்போது ஹொனர்ஸ் என்று இன்னொரு வருடம் படிக்கப் போகிறாளாம். மூன்று வருடத்தில் முடிகிற படிப்பை ஏன் நாலாக்க வேண்டும்? 76 என்பதே குறைவான புள்ளி என்றுதான் எனக்குப் படுகிறது.
— ஒரு தாய், சிட்னி

பதில்: அக்கா, முதலில் புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே கலைப்பாடங்களில் 76 நல்ல புள்ளி. கட்டுரைக்கு 90 போடும் விரிவுரையாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பல பல்கலைக்கழகங்களில் 80 எடுத்தாலே முதல் வகுப்பு ஹொனர்ஸ். பெரும்பாலான இடங்களில் ஹொனர்ஸுக்குள் நுழைய, முதன்மைப் பாடத்தில் 70க்குப் பக்கத்தில் ஒரு சராசரி கேட்பார்கள். உங்கள் மகள் அதைத் தாண்டி நிற்கிறாள்.

இலங்கையில் படித்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே பொதுக் கலைமாணி மூன்று வருடம், சிறப்புக் கலைமாணி நாலு வருடம். சிறப்புப் பட்டம் செய்தவர் என்றால் வீட்டில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இங்குள்ள ஹொனர்ஸும் அந்தச் சாயல்தான். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே முதல் வருடம் முடிந்ததும் பாதை பிரிந்துவிடும். இங்கே மூன்று வருடப் பட்டத்தை முழுதாக முடித்த பிறகுதான் இந்த வருடம் தொடங்கும். அவுஸ்திரேலியத் தகுதி வரிசையில் சாதாரண இளமாணி 7ஆம் படி, ஹொனர்ஸ் 8, முதுமாணி 9.

வேலை கிடைக்குமா என்பது உங்கள் மனதிலுள்ள கேள்வி. இந்த ஒரு வருடத்தால் வேலை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடமும் மற்றவர்கள் கொடுத்த கேள்விக்குக் கட்டுரை எழுதிய பிள்ளை, இந்த வருடம் தன் கேள்வியைத் தானே கண்டுபிடித்து, அதற்கான சான்றுகளைத் தேடி, 15,000 முதல் 20,000 சொற்களில் ஒரு ஆய்வேடு எழுதி முடிக்கிறாள். அந்த அளவு எழுத்தைத் திட்டமிட்டு முடித்த ஒருவரின் பேச்சிலும் எழுத்திலும் வரும் மாற்றத்தை நான் ஒவ்வொரு ஒக்டோபரிலும் பார்க்கிறேன். அவளிடம் "ஏன் இன்னொரு வருடம்?" என்று கேட்காமல், "எதைப் பற்றி எழுதப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் கண் விரிந்து பேசத் தொடங்கினால் விடுங்கள், படிக்கட்டும். "தெரியாது, வேறு என்ன செய்வது" என்று சொன்னால், ஒரு வருடம் வேலை செய்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈழத்தமிழர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்த வரலாற்றை ஹொனர்ஸ் ஆய்வாகச் செய்ய விரும்புகிறேன். எங்கள் விரிவுரையாளர், "தலைப்பு மிகப் பெரிது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த விஷயத்தில் அவருக்கு ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது. எப்படிச் சுருக்குவது?
— மெல்பேர்ணிலிருந்து ஒரு மாணவர்

பதில்: தம்பி, அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். எனக்கும் அதுதான் நடந்தது. 2004இல் நான் ஹொனர்ஸ் செய்தபோது, "வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கையும் ஆசியரும், 1901 முதல் 1973 வரை" என்று ஒரு தலைப்போடு மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன். வெள்ளையரல்லாதவர் இங்கே குடியேறுவதைத் தடுத்த கொள்கை அது. ஒன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். எழுபது வருடங்களையும் எழுதித் தீர்த்துவிட வேண்டும் என்ற வேகம். அவர் தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "இதில் நீங்கள் கையால் தொட்டுப் பார்க்கப் போகும் காகிதம் எது?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று வாரம் சிட்னியின் செஸ்டர் ஹில்லில் இருந்த தேசிய ஆவணக்காப்பக வாசிப்பு அறைக்குப் போய்க் கோப்புகளைப் புரட்டினேன். அப்போது அரச ஆவணங்கள் 30 வருடம் கழித்துத்தான் திறக்கும். இப்போது அது 20 ஆகிவிட்டது. அங்கே கொழும்புத் திட்ட மாணவர்களைப் பற்றிய கோப்புகள் கிடைத்தன. 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளியுறவு அமைச்சர்கள் மாநாட்டில் பிறந்த திட்டம் அது. அதன்கீழ் இலங்கை, இந்தியா, மலாயா போன்ற நாடுகளிலிருந்து மாணவர்கள் இங்கே வந்தார்கள். சட்டம் அவர்களைக் குடியேற விடாது. அரசாங்கமோ படிக்க வா என்று அழைக்கிறது. சரி, வந்த பிள்ளை இரவு எங்கே படுத்தது? யார் அறை கொடுத்தார்கள்? என் ஆய்வேடு அங்கேதான் வந்து நின்றது: 1950களில் சிட்னிக்கு வந்த கொழும்புத் திட்ட மாணவர்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்தவர்கள் யார்?

சின்னக் கேள்விதான். ஆனால் அந்த வாடகை அறைக்குள்ளே முழுக் கொள்கையும் வந்து உட்கார்ந்தது. குடியேற வந்தவர்களை ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொல் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிய சொல்வதெழுதல் தேர்வு 1958 வரை சட்டத்தில் இருந்தது. அதே வருடங்களில், தெருக்கோடி வீட்டுக்காரப் பெண் ஒருவர் இலங்கை மாணவனுக்குக் கட்டில் போட்டுக் கொடுக்கிறார். அவர் ஏன் கொடுத்தார், பக்கத்து வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்கத் தொடங்கியதும், எழுபது வருடங்களை எழுதியிருந்தால் கிடைத்திருக்காத விடைகள் கிடைத்தன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேசிய நூலகத்தின் டுரோவ் தளத்தில் பெரும்பாலான பத்திரிகைகள் 1954 வரைதான் கிடைக்கும். ஆனால் கன்பெரா டைம்ஸ் 1995 வரை உண்டு. 1983 ஜூலை வன்முறையிலிருந்து 1987 ஜூலை இந்திய இலங்கை ஒப்பந்தம் வரையிலான நாலு வருடங்களை எடுத்து, அந்தப் பத்திரிகை தமிழரை எந்தெந்தச் சொற்களால் அழைத்தது என்று பாருங்கள். அகதி என்றா, தீவிரவாதி என்றா, மாணவர் என்றா? எப்போது ஒரு சொல் போய் மற்றது வந்தது? பக்கத்தில் நாடாளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டை வைத்துக்கொள்ளுங்கள். இது ஒரு வருடத்தில் முடியும். வேறு வழியும் உண்டு: உங்கள் ஊர்த் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் கூட்டக் குறிப்பேடுகள், சங்கங்களின் செய்திமடல்கள். யாரோ ஒருவர் வீட்டுக் கராஜில் பெட்டியில் கிடக்கும். அவற்றைத் தமிழில் வாசிக்கக் கூடியவர் உங்கள் வகுப்பில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். வீட்டில் பேசுகிற மொழி என்று அதை ஒதுக்கி வைக்காதீர்கள். விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்: "இந்த ஆவணங்களைத் தமிழில் வாசிப்பேன்."

நேர்காணல் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இன்னும் வலிப்பது. மனிதரோடு பேசி ஆய்வு செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழுவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மாமா முறையானவரோடு பேசுவதற்கும் அது வேண்டும். நான் விண்ணப்பத்தை ஏப்ரல் வரை தள்ளிப்போட்டேன். 1953இல் வந்த ஒரு முதியவர் என்னோடு பேச ஒத்துக்கொண்டிருந்தார்; தொலைபேசியில், "பிள்ளை, எப்ப வாறீர்?" என்று இரண்டு தரம் கேட்டார். மே மாதம் அவர் காலமானார். ஒப்புதல் ஜூனில் வந்தது. அவர் இருந்த அறையின் முகவரி மட்டும் என் ஆய்வேட்டில் இருக்கிறது. வகுப்பு தொடங்கும் பெப்ரவரியிலேயே அந்தப் படிவத்தை அனுப்பிவிடுங்கள், தம்பி.

கேள்வி: மேற்பார்வையாளரை நாங்களே கேட்க வேண்டுமாமே? எனக்கு ஒரு பேராசிரியரைப் பிடிக்கும். மின்னஞ்சல் எழுதப் பயமாக இருக்கிறது.
— பிரிஸ்பேன் மாணவி

பதில்: தங்கச்சி, எழுதுங்கள். ஐந்து வரி போதும். அவருடைய எந்தப் பாடத்தில் இருந்தீர்கள், அங்கே எழுதிய எந்தக் கட்டுரை உங்களை விடாமல் பிடித்துக்கொண்டது, அதிலிருந்து எழுந்த கேள்வி என்ன, இருபது நிமிடம் பேச நேரம் தருவாரா. அவ்வளவுதான். தலைப்பு முடிவாகியிருக்க வேண்டியதில்லை. செப்டெம்பருக்குள் எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த வருடம் அவர் ஆய்வு விடுப்பில் போகிறாரா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் பெற்றவர் என்பதற்காக மட்டும் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்று அவரிடம் முன்பு செய்த மாணவர்களைக் கேளுங்கள். இந்த வருடத்தில் அதுதான் உங்களைத் தூக்கி நிறுத்தும்.

கேள்வி: ஹொனர்ஸுக்கு ஹெக்ஸ் கடன் கிடைக்குமா? கலாநிதிப் பட்டத்துக்கு முதுமாணி கட்டாயமா?
— ஒரு வாசகர், பேர்த்

பதில்: ஹெக்ஸ் என்பது படிப்புக் கட்டணத்துக்கான அரச கடன். அவுஸ்திரேலியப் பிரஜைக்கு அது கிடைக்கும். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவர்களுக்குப் பொதுவாக அரச மானிய இடம் உண்டு, கடன் இல்லை. கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். சர்வதேச மாணவருக்கு முழுக் கட்டணம். 2021இல் கொண்டுவந்த மாற்றத்தால் வரலாறு, மெய்யியல் போன்ற பாடங்களுக்கு மாணவர் பங்கு வருடத்துக்கு 14,500 டொலர் ஆனது, அதன் பிறகும் ஒவ்வொரு வருடமும் ஏறியது. அதே 2021இல் ஆங்கிலத்துக்கும் மொழிப்பாடங்களுக்கும் 3,950 டொலர்தான். மனித வாழ்வைப் படிக்க வருகிற பிள்ளையின் தலையில் இத்தனை சுமையை ஏற்றியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். கட்டணத்தைக் கணக்கிடுவது பட்டத்துக்கு அல்ல, பாட அலகுக்கு. உங்கள் ஆய்வேட்டு அலகு எந்தப் பிரிவில் வருகிறது என்று பீட அலுவலகத்தில் கேளுங்கள். 2025-26 நிதியாண்டில் வருமானம் 67,000 டொலரைத் தாண்டினால்தான் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும்.

முதுமாணி கட்டாயமில்லை. முதல் வகுப்பு ஹொனர்ஸ் இருந்தால் நேரே கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அரசின் ஆய்வுப் பயிற்சித் திட்ட உதவித்தொகைக்குப் போட்டி கடுமை. அங்கே 80க்கும் 85க்கும் இடையிலான வித்தியாசம் பெரிது.

கேள்வி: ஆய்வேட்டை ஒக்டோபரில் கொடுக்க வேண்டும். முதல் அத்தியாயமே 11,000 சொல் ஆகிவிட்டது. மற்ற இரண்டில் ஒரு வரி இல்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.
— பெயர் வேண்டாம், அடிலெய்ட்

பதில்: விடாதீர்கள். 11,000 சொல் எழுதியவர் வேலை செய்யாதவர் அல்ல; மூன்று அத்தியாயத்தையும் ஒன்றில் எழுதிவிட்டீர்கள் என்பதுதான் என் சந்தேகம். அச்சிட்டு எடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் நாலு சொல்லில் "இது என்ன செய்கிறது" என்று எழுதுங்கள். பிறகு கத்தரிக்கோலால் பத்திகளை வெட்டித் தரையில் மூன்று குவியலாக வையுங்கள். முந்தைய ஆய்வாளர்கள் என்ன சொன்னார்கள் என்ற குவியல்தான் பெரிதாக இருக்கும். அதில் பாதியைத் தள்ளி வையுங்கள். மிச்சத்தோடு நாளைக் காலை மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்கள், குவியல்களைக் கையிலே கொண்டு போங்கள். நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள். உடல்நலமோ வீட்டு நிலையோ காரணமாக இருந்தால் கால நீடிப்புக்கும் அன்றே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் கேட்பதை விட இப்போது கேட்பது எளிது.