இடி அமீனை மற்ற நாட்டுத் தலைவர்கள் எப்படிப் பார்த்தார்கள்? – கேள்வி பதில்

1971 முதல் 1979 வரை உகாண்டாவை ஆண்டவர் இடி அமீன். அவரிடம் வெளிநாட்டுத் தலைவர்கள் நடந்துகொண்ட விதம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆரம்பத்தில் பிரிட்டன் அவரை வரவேற்றதாமே, உண்மையா?

உண்மைதான். 1971 ஜனவரி 25 அன்று அமீனின் ராணுவப் புரட்சி நடந்தபோது அதிபர் மில்டன் ஒபோட்டே சிங்கப்பூரில் காமன்வெல்த் மாநாட்டில் இருந்தார். தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கும் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் திட்டத்தை அங்கே கடுமையாக எதிர்த்தார். உள்நாட்டிலோ பெரிய கம்பெனிகளின் பங்குகளில் 60 சதவீதத்தை அரசுடைமையாக்கும் வேலையில் இறங்கியிருந்தார். அவர் பதவி பறிபோனதில் லண்டனுக்கு வருத்தம் எதுவும் இல்லை. சில நாட்களிலேயே புதிய ஆட்சியை அங்கீகரித்தது. ஜூலையில் லண்டன் வந்த அமீனுக்கு ராணியுடன் மதிய விருந்தும் கிடைத்தது. அந்த மாதங்களில் உகாண்டா ராணுவ முகாம்களுக்குள் ஒபோட்டேயின் ஆதரவாளர்களாகக் கருதப்பட்ட அச்சோலி, லாங்கி இன வீரர்கள் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த விருந்து மன்னிக்க முடியாதது.

கேள்வி: ஆசியர்களை விரட்டியபோது யாருமே தட்டிக் கேட்கவில்லையா?

உகாண்டாவில் குடியேறி வாழ்ந்த, பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான ஆசியர்கள் 90 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று 1972 ஆகஸ்டில் அமீன் கெடு வைத்தார். தான்சானியாவின் ஜூலியஸ் நியரேரேயும் ஜாம்பியாவின் கெனத் கவுண்டாவும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். மற்ற ஆப்பிரிக்கத் தலைவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. பிரிட்டன் சுமார் 28,000 பேரை ஏற்றுக்கொண்டது. கனடாவும் ஆயிரக்கணக்கானோருக்கு இடம் கொடுத்தது.

கேள்வி: இதற்கெல்லாம் பிறகும் 1975இல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் தலைவராக எப்படி வந்தார்?

இது ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு. மாநாட்டை நடத்தும் நாட்டின் தலைவரே அந்த ஆண்டுக்கு அமைப்பின் தலைவர் என்பது வழக்கம். அந்த ஆண்டு மாநாடு உகாண்டா தலைநகர் கம்பாலாவில் நடந்தது. நியரேரே, கவுண்டா, போட்ஸ்வானாவின் செரெட்சே காமா ஆகியோர் போக மறுத்தார்கள். மற்ற பலர் போனார்கள். உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடக்கூடாது என்பது அமைப்பின் அடிப்படை விதி. இன்று அமீனைக் கண்டித்தால் நாளை நம்மையும் கேட்பார்களே என்ற பயம் பலருக்கு இருந்தது. இன்னொன்றும் உண்டு. அதே ஆண்டு ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் அமீனை இனவெறி பிடித்த கொலைகாரர் என்று சொன்னார். அமீன் அந்த அமைப்புக்குத் தலைவரானது தற்செயல் அல்ல என்றும் சேர்த்துச் சொன்னதால், ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் பலர் அதைக் கண்டம் முழுமைக்குமான அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து இப்படிப் பேசினால் கெட்டவருக்கும் துணை சேர்ந்துவிடும்.

கேள்வி: அவரை வெறும் கோமாளி என்று நினைத்தார்களா, பயந்தார்களா?

இரண்டும் உண்டு. மேற்கத்தியப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தபோது, சொந்த நாட்டவர்கள் உகாண்டாவில் மாட்டிக்கொண்டிருந்த அரசுகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அமீனைக் கிராமத்துக் கொடுங்கோலன் என்று எழுதியதற்காக டெனிஸ் ஹில்ஸ் என்ற பிரிட்டிஷ் விரிவுரையாளருக்கு 1975இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ராணியின் கடிதத்தோடு வந்த தூதர்கள் இருவரும் அமீனுக்கு ராணுவத்தில் பழக்கமான அதிகாரிகள். அவர்களைத் தாழ்வான வாசல் கொண்ட குடிசையில் வைத்துச் சந்தித்தார்; குனிந்துதான் உள்ளே போக முடியும். பிறகு வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் காலகனே கம்பாலாவுக்குப் போய் ஹில்ஸை மீட்டு வந்தார்.

1977இல் உகாண்டாவின் ஆங்கிலிக்கன் பேராயர் ஜனனி லுவும் அமீன் ஆட்சியில் கொல்லப்பட்டதும் அமெரிக்க அதிபர் கார்ட்டர் கடுமையாகப் பேசினார். ஆனால் அமெரிக்கா உகாண்டா காப்பியை வாங்குவது 1978 வரை நிற்கவில்லை. அதை நிறுத்தியது அந்நாட்டு நாடாளுமன்றம் போட்ட தடை.

கேள்வி: பக்கத்து நாடான கென்யா?

கென்ய அதிபர் கென்யாட்டா கணக்குப் பார்த்து நடந்தவர். கடற்கரை இல்லாத உகாண்டாவின் சரக்கு மொம்பாசா துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வியாபாரம் கென்யாவுக்கும் தேவை. 1976இல் கென்யாவின் ஒரு பகுதி தன்னுடையது என்று அமீன் சொன்னபோதுதான் உரசல் முற்றியது. அதே ஆண்டு, கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை உகாண்டாவின் என்டபே விமான நிலையத்திலிருந்து இஸ்ரேல் மீட்டது; அந்த நடவடிக்கையில் இஸ்ரேலிய விமானங்கள் கென்யத் தலைநகர் நைரோபியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன.

கேள்வி: நியரேரே மட்டும் ஏன் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை?

ஒபோட்டே அவருடைய நண்பர், தான்சானியாவில்தான் அடைக்கலம் பெற்றிருந்தார். அதனால் இதைத் தனிப்பட்ட பகை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வெள்ளையர் ஆட்சி கறுப்பர்களைக் கொன்றால் கொதிக்கும் ஆப்பிரிக்கா, கறுப்பர் ஆட்சி கொன்றால் மட்டும் ஏன் பேசாமல் இருக்கிறது என்பதே அவர் விடாமல் எழுப்பிய கேள்வி. அமீனோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தார். அதனால் கென்யா, உகாண்டா, தான்சானியா சேர்ந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற கூட்டமைப்பின் மூன்று நாட்டுத் தலைவர்களும் கூடிப் பேசுவதே நின்றுபோனது. 1977இல் அந்த அமைப்பே கலைந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இதுவும் ஒன்று.

1978 அக்டோபரில் அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது. அப்போதும் ஒற்றுமை அமைப்பு ஆக்கிரமிப்பைக் கண்டிக்காமல் சமரசம் பேசியது. லிபியாவின் கடாபியோ அமீனுக்குத் துணையாகப் படையே அனுப்பினார். தான்சானியப் படையும் உகாண்டா நாட்டிலிருந்து தப்பிப்போனவர்களின் படையும் 1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலாவைப் பிடித்தன. அதற்கப்புறம் ஜூலையில் லைபீரியாவின் மன்ரோவியாவில் கூடிய ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில், இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்பியதாகச் சூடானின் நிமெய்ரியும் நைஜீரியாவின் ஒபசாஞ்சோவும் குற்றம் சாட்டியது நியரேரேயைத்தான்.

கேள்வி: பதவி போன பிறகு யார் சேர்த்துக்கொண்டார்கள்?

முதலில் லிபியா, அப்புறம் சவூதி அரேபியா. விசாரணை எதையும் சந்திக்காமலே 2003 ஆகஸ்டில் ஜெத்தாவில் இறந்தார்.