கழிவு பிறக்கும் இடம்

கேள்வி: குப்பையைத் தரம் பிரித்து மறுசுழற்சிக்குக் கொடுத்தால் போதாதா? 'பசுமை வேதியியல்' புதிதாக என்ன செய்துவிடும்?

பதில்: தரம் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள். அப்புறம், உள்பக்கம் வெள்ளியாக மின்னும் நொறுக்குத்தீனிப் பை ஒன்றை எடுத்து, அதன் அடுக்குகளை நகத்தால் பிரித்துப் பாருங்கள். முடியாது. பிளாஸ்டிக் படலங்களும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நீங்கள் எந்தத் தொட்டியில் போட்டாலும் அதை மறுபடி பயன்படுத்துவது பெரும்பாடு. அதன் தலையெழுத்தை, அந்த அடுக்குகளைத் தேர்ந்தெடுத்த அன்றே எழுதிவிட்டார்கள். பொருளை வடிவமைக்கும்போதே கழிவையும் நஞ்சையும் தவிர்க்கப் பார்ப்பதுதான் பசுமை வேதியியல்.

நான் பல வருடம் மருந்து தயாரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். வேலை முடிந்ததும் மேசையில் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி இருக்கும். மூலையில் டிரம் நிறையக் கழிவுக் கரைப்பான் நிற்கும். பொடியை மில்லிகிராம் சுத்தமாக எடை போடுவோம். டிரம்மை யாரும் எடை போட்டதில்லை. 1992-இல் வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் முன்வைத்த கணக்கு அந்த டிரம்மைத்தான் கேட்கிறது: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு? மருந்துத் துறையில் 25 முதல் 100 கிலோ வரை, சில நேரம் அதற்கு மேலும். அதில் பெரும்பங்கு கரைப்பான்தான். அதைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். முதலிலேயே குறைவாக ஊற்றினால் இன்னும் நல்லது.

வலி மாத்திரையில் இருக்கும் இபுபுரூஃபனைப் பாருங்கள். பழைய முறையில் ஆறு படிகள். ஒரு சொட்டு வீணாகாமல் நடந்தாலும், உள்ளே போகும் மூலப்பொருள்களின் எடையில் சுமார் 40 சதவீதம்தான் மருந்தாகும். 1992-இல் ஆலைக்கு வந்த புதிய முறையில் மூன்றே படிகள், கணக்கு 77 சதவீதம். உடன் வரும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டுக்கொண்டால் 99. பழைய முறையில் அலுமினியம் குளோரைடு ஒருமுறை பயன்பட்டதும் உப்புக் கழிவாகிவிடும். புதியதில் வினையூக்கியான, அதாவது வினையைத் தூண்டிவிட்டுத் தான் தீராமல் நிற்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அது ஆபத்தான பொருள்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கழிவு இந்த அளவுக்குக் குறைந்தது பெரிய விஷயம்.

சரி, கழிவைக் குறைத்தாயிற்று, பொருளும் சுழல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எனக்கு உண்மையான கவலை இனிமேல்தான். பழைய மின்னணுச் சாதனங்களின் கறுப்பு பிளாஸ்டிக்கில் தீத்தடுப்புக்காகப் புரோமின் சேர்மங்களைக் கலப்பார்கள். அந்த பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த பொம்மைகளிலும் சமையல் கரண்டிகளிலும் அதே சேர்மங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பொருள் சுழன்றது, நஞ்சும் கூடவே சுழன்றது. 1998-இல் வேதியியலாளர்கள் பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு வகுத்த பன்னிரண்டு கொள்கைகளில் நச்சுத்தன்மை குறைந்த பொருளை வடிவமைப்பதும் ஒன்று. பொருளை வீசாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரத்துக்கு நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நல்ல உதாரணமும் உண்டு. நைலான்-6 இழையைச் சரியான முறையில் சிதைத்தால், அது உருவான மூலப்பொருளான கேப்ரோலாக்டமே திரும்பக் கிடைக்கும். அதிலிருந்து மறுபடி புது இழை நூற்கலாம். பழைய மீன்வலையும் தரைவிரிப்பும் இப்படித் திரும்பி வருகின்றன.